மறுப்புக் கடிதம் ஒரு வரலாற்றுச் சான்று: பாரதி முதல் ஏ.கே. செட்டியார் வரை

தமிழில் கடித இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஈந்த கடிதங்களையே பொருளாகக் கொண்டுள்ளன. அண்ணாவின் தம்பிக்குக் கடிதங்கள், மு.வ.வின் கடித நூல்கள், டி.கே.சி.யின் கடிதங்கள், புதுமைப்பித்தன் தம் துணைவியார்க்கு எழுதியவை என ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை யாவும் எழுதுவோர் மனம் திறந்து பேசிய கடிதங்களாகும். இவற்றுக்கு நேர்மாறான மற்றொரு வகை உண்டு. ஒருவர் கேட்டதைத் தர இயலாது என்று கூறி, நாலைந்து வரிகளில் முடித்து, கையொப்பமிட்டு அனுப்பப்படும் மறுப்புக் கடிதமே அது. அரசியல் தலைவர்களின் தொகுப்புகளில் இவ்வகைக் கடிதங்கள் மிகுதியாக உள்ளன. எனினும் பயன் குறைந்தவை எனக் கருதி ஆய்வாளர் இவற்றைப் புரட்டிவிட்டுச் செல்கின்றனர். இதழாளர் ஒருவர் அணுக்கம் வேண்ட, அரசியல் தலைவர் அதனை மறுத்த சில நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, மறுப்புக் கடிதம் எவ்வகையில் சான்றாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மறுப்பு என்பது தமிழ் இலக்கிய மரபுக்குப் புதிதன்று. அகத்திணையில் வாயில் மறுத்தல் ஒரு துறையாகவே வகுக்கப்பட்டுள்ளது. தலைவனுக்காகத் தூது வந்த பாணனையும் பிறரையும் தலைவியோ தோழியோ உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவது அத்துறை. புறத்திணையில் இச்சிக்கல் இன்னும் வெளிப்படையாக நிற்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்தபோது ஔவையார் வாயில்காவலனை விளித்துப் பாடியது புறநானூற்றின் 206ஆம் பாட்டு. அதே அதியமான் நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது அதனைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தது 208ஆம் பாட்டு. பொருள் கிடைத்தும் காட்சி கிடைக்கவில்லை என்பதே புலவரின் மனக்குறை. புரவலனைக் காண்பதும் அவன் தருவதைப் பெறுவதும் வெவ்வேறானவை என்னும் இவ்வேறுபாடு, பின்வரும் நிகழ்வுகளை விளங்கிக்கொள்ள உதவும்.

1919: எழுதப்படாத மறுப்பு

தமிழ் இதழியல் வரலாற்றில் இப்பொருளுக்கு மிக அணுக்கமான நிகழ்வு 1919 மார்ச்சு மாதத்தில் சென்னையில் நடந்தது. ரௌலட் சட்ட எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆதரவு திரட்டக் காந்தியடிகள் சென்னை வந்து, கதீட்ரல் சாலையில் இராஜாஜி குடியிருந்த இல்லத்தில் தங்கினார். அவரை யாரும் தொந்தரவு செய்யாதவாறு வாயிலில் காவலாக நிறுத்தப்பட்டவர் வ.ரா. கடையத்தில் வாழ்ந்துவந்த பாரதியார் அப்போது சென்னைக்கு வந்திருந்தார். அவர் வாயிலைக் கடந்து நேரே உள்ளே சென்று, காந்தியின் அருகில் அமர்ந்து, அன்று மாலை திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தாம் பேசவுள்ள கூட்டத்துக்குத் தலைமை தாங்க இயலுமா என்று கேட்டார். அன்று மாலை வேறு அலுவல் இருப்பதை அறிந்த காந்தி, கூட்டத்தை மறுநாளைக்கு ஒத்திவைக்க முடியுமா என வினவினார். முடியாது எனக் கூறிய பாரதி, காந்தி தொடங்கவிருக்கும் இயக்கத்தை வாழ்த்திவிட்டு வெளியேறினார். வந்தவர் யார் என்று காந்தி கேட்க, அவர் தமிழ்நாட்டுக் கவி என இராஜாஜி கூறினார். அவரைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று காந்தி சொன்னதாக வ.ரா. தம் ‘மகாகவி பாரதியார்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்வு தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான மேடைகளில் சொல்லப்பட்டுவிட்டது. சொல்வோர் அனைவரும் இறுதி வாக்கியத்தின்மேலேயே கருத்துச் செலுத்துகின்றனர். நிகழ்ந்தது ஒரு மறுப்பு என்பது அவ்வாக்கியத்தின் ஒளியில் மறைந்துபோகிறது. ஓர் இதழாளர்-கவிஞர் ஓர் அரசியல் தலைவரிடம் ஒரு மாலைப்பொழுதைக் கேட்டார், அது கிடைக்கவில்லை என்பதே இந்நிகழ்வின் எலும்புக்கூடு. காந்தியின் மறுப்பு மென்மையானது, மாற்று நாளையும் முன்வைத்தது. பாரதியின் மறுமொழியோ அதனினும் கடுமையான மறுப்பு. பெருஞ்சித்திரனாரின் வழித்தோன்றல் என்று அவரை இங்குக் கூறுவது மிகையாகாது.

ஆய்வுநோக்கில் கவனிக்கத்தக்கது வேறொன்று. இம்மறுப்பு எழுத்தில் இல்லை. இதற்குரிய முதன்மைச் சான்று வ.ரா.வின் நினைவு ஒன்றே. அதுவும் வாயில்காவலராக நிறுத்தப்பட்ட ஒருவரின் நினைவு. பாரதியை உள்ளே விட்டது தம் கடமை தவறியதாகாது என்று காட்ட வேண்டிய தேவையும் அவருக்கு இருந்தது. ஆகவே நிகழ்ச்சி ஒரு கதைக்குரிய வடிவம் பெற்றுவிட்டது. பாரதியின் வேண்டுகோள் கடிதமாக வந்திருந்து, காந்தியின் மறுப்பும் கடிதமாகச் சென்றிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது அழகு குறைந்த சான்றாகவே இருக்கும். ஆனால் அது நாள், இடம், காரணம் ஆகியவை ஐயமின்றி அமைந்த சான்றாக இருந்திருக்கும்.

1927: சாட்சி சொல்ல மறுத்த சாட்சியம்

எழுத்தில் அமைந்த மறுப்புக்கு எட்டு ஆண்டுகள் பின்செல்ல வேண்டும். 1927 மார்ச்சு இறுதியில் பயணத்தின்போது காந்தியின் உடல்நலம் குன்றியது. மருத்துவர் அறிவுரைப்படி ஏப்ரல் முதல் நந்திமலையிலும், ஜூன் தொடங்கி ஆகஸ்டு இறுதிவரை பெங்களூர் குமாரா பார்க்கிலும் அவர் ஓய்வெடுத்தார். இக்கட்டுரை எழுதப்படும் ஜீவனஹள்ளியிலிருந்து குமாரா பார்க் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. காக்ஸ்டவுன், பிரேசர்டவுன், அல்சூர் எனத் தமிழ் பேசுவோர் அடர்ந்து வாழ்ந்த கண்டோன்மெண்ட் பகுதிக்கு மேற்கே, மாநகரின் மறுபக்கத்தில் அது அமைந்திருந்தது. ஓய்வு என்பது பெயரளவில்தான். அந்நாள்களில் அவருடைய தன்வரலாறு வாரந்தோறும் இதழில் வெளிவந்துகொண்டிருந்தது. யாரைக் காண்பது, யாருக்கு எழுதுவது, எதைத் தவிர்ப்பது என்பன நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய முடிவுகளாயின. உடல்நலம் தேறியபின் தமிழ் மாவட்டங்களில் கதர்ப் பயணமும், நவம்பரில் இலங்கைப் பயணமும் தொடர்ந்தன.

இதே காலத்தில் இந்திய அரசு திரைப்படம் குறித்து விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. இரங்காச்சாரியார். 1927-28இல் இக்குழு நாடெங்கும் சென்று 353 சாட்சிகளை விசாரித்தது. ஆயிரக்கணக்கான வினாப்படிகள் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று காந்திக்கும் சென்றது. 1927 நவம்பரில் அவர் எழுதிய மறுமொழி மிகச் சுருக்கமானது. விடையளிக்க மனம் இருப்பினும் தமக்குத் தகுதியில்லை, தாம் ஒருமுறையேனும் திரைப்படம் பார்த்ததில்லை என்பது அதன் முற்பகுதி. ஆயினும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக்கூட அது செய்துள்ள, செய்துவருகிற தீமை கண்கூடு; நன்மை ஏதேனும் செய்திருந்தால் அது இனிமேல்தான் நிறுவப்பட வேண்டும் என்பது அதன் பிற்பகுதி.

இக்கடிதம் திரைப்பட வரலாற்றாசிரியர்களால் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பெரும்பாலும் அதன் பிற்பகுதி மட்டுமே எடுத்தாளப்படுகிறது. காந்தி சினிமாவுக்குப் பகைவர் என்பதற்கு அது சான்றாக வைக்கப்படுகிறது. முற்பகுதியோடு சேர்த்து வாசித்தால் கடிதத்தின் போக்கு வேறாகத் தெரிகிறது. எழுதியவரும் வழக்கறிஞர், பெற்றவரும் வழக்கறிஞர். நேரில் காணாதவன் சாட்சியாகத் தகுதியற்றவன் என்னும் சாட்சிச் சட்டத்தின் அடிப்படை இருவருக்கும் பழகியதே. அவ்வடிப்படையைக் காட்டி முதலில் தம்மைத் தாமே விலக்கிக்கொள்கிறார். விலகிய பின்னர் மெய்ப்பிக்கும் சுமையை எதிர்த்தரப்பின்மேல் ஏற்றிவிடுகிறார். சாட்சிக் கூண்டில் ஏறாமலே வாதத்தை முடித்துவிட்டார் எனலாம். குழுவும் அதனை ஒதுக்கிவிடவில்லை, தன் சாட்சியத் தொகுதியில் அச்சிட்டுவைத்தது. சாட்சி சொல்ல மறுத்த கடிதமே சாட்சியமாகிவிட்டது.

இத்தகைய சிறு கடிதங்கள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் தொகுப்பாளர்களின் பொறுமையே. காந்தியின் எழுத்துகள் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வெளிவந்தன. அப்பணியில் நெடுங்காலம் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய கே. சுவாமிநாதன். ஓர் அஞ்சலட்டையும் விடுபடலாகாது என்னும் நோக்கம் அத்தொகுதிகளில் தெரிகிறது. பின்னர் வந்த திருத்தப் பதிப்பில் பல நூறு பதிவுகள் விடுபட்டுள்ளமையை அறிஞர்கள் சுட்டிக்காட்டியதும், 2005இல் அரசு அப்பதிப்பைத் திரும்பப் பெற்றதும் நினைவிற்கொள்ளத்தக்கன. அரிய சொற்பொழிவு ஒன்று விடுபட்டால் யாரேனும் கேட்பர். மூன்று வரி மறுப்பு விடுபட்டால் கேட்பார் இல்லை.

1860: ஸ்பிரிங்பீல்டிலிருந்து வந்த கடிதங்கள்

தேர்தல் பரப்புரைக் காலத்தில் வேட்பாளர் ஒருவர் இதழாளர்க்கு எழுதிய மறுப்புகளை நாள்வாரியாகத் தொடர விரும்புவோர்க்கு ஆபிரகாம் லிங்கனின் 1860ஆம் ஆண்டுக் கடிதங்களைப் போன்ற வளமான சான்று வேறில்லை. அவை தமிழ் ஆய்வுலகில் இந்நோக்கில் பேசப்படாமையால் இங்குச் சற்று விரிவாக நோக்கப்படுகின்றன.

1860 மே 18 அன்று சிகாகோ மாநாட்டில் லிங்கன் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேட்பாளர் தாமே வாக்குக் கேட்டுச் செல்லலாகாது என்பது அக்கால அமெரிக்க வழக்கம். எதிர்த்து நின்ற ஸ்டீபன் டக்ளஸ் அவ்வழக்கத்தை மீறி ஊர் ஊராகச் சென்றார். லிங்கனோ ஸ்பிரிங்பீல்டை விட்டு அகலவில்லை. கடிதங்கள் குவிந்தன. அடிமைமுறை குறித்தும் தென்மாநிலங்கள் குறித்தும் புதிய அறிக்கை ஒன்று தருமாறு பலர் வேண்டினர். செயலர் ஜான் நிகோலே ஒரு பொதுமாதிரி மறுப்பை வைத்துக்கொண்டு அனைவர்க்கும் விடையனுப்பினார். இந்த நிகோலேயும் முன்பு சிற்றூர் இதழ் ஒன்றை நடத்தியவர்தாம். கருத்துக் கேட்டு எழுதுவோரைவிட எதுவும் எழுத வேண்டா என்று மன்றாடுவோரே மிகுதி, லிங்கனின் நிலைப்பாடுகள் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோதே அனைவரும் அறிந்தவை, அவற்றை இப்போது மாற்றித் தேர்தலைக் குழப்பலாகாது என்பது அதன் சாரம். நாள் நிரப்ப இடம் விட்டு எழுதப்பட்ட இம்மாதிரி, மறுப்பு ஓர் அலுவலக நடைமுறையாக மாறியதைக் காட்டுகிறது.

வாழ்க்கை வரலாற்றாசிரியர்க்குத் தந்த மறுப்பு இதனினும் சுவையானது. கொலம்பஸ் நகரப் பதிப்பகம் ஒன்று லிங்கனின் ஒப்புதல் பெற்ற வரலாறு என்று விளம்பரம் செய்துவிட்டது. செய்தியறிந்து அதிர்ந்த லிங்கன் ஜூன் 19 அன்று சாமுவேல் காலோவேக்கு எழுதிய கடிதத்தில், தாம் எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், எதற்கும் பொறுப்பேற்க இயலாது என்றும் திட்டவட்டமாகக் கூறினார். அவ்வரலாற்றை எழுத அமர்த்தப்பட்டவர் அப்போது 23 வயதினரான இதழாளர் வில்லியம் டீன் ஹவெல்ஸ். ஸ்பிரிங்பீல்டு சென்று லிங்கனைக் கண்டு பேசும் வாய்ப்பு அவருக்குத் தரப்பட்டது. அவர் போகவில்லை, சட்ட மாணவர் ஒருவரை அனுப்பிக் குறிப்புகள் திரட்டச் செய்தார். அமெரிக்க இலக்கியத்தில் பெரும்புகழ் எய்திய பின்னர், அவ்வாய்ப்பைத் தவறவிட்டதை எண்ணி அவரே வருந்தினார். ஆளைக் காணாமலே எழுதப்பட்ட அந்நூலின் படியொன்றை நண்பர் சாமுவேல் பார்க்ஸ் லிங்கனிடம் கொடுத்தபோது, லிங்கன் அதனைப் படித்துப் பிழைகளைப் பென்சிலால் ஓரங்களில் திருத்தினார். முன்கூட்டி ஒப்புதல் தர மறுத்தவர் பின்னர்த் தம் கைப்படத் திருத்தித் தந்தார். அணுக்கம் மறுக்கப்பட்ட நூலே ஆசிரியர் பெறாத அணுக்கத்தைத் தன் பக்கங்களில் பெற்றுவிட்டது.

அக்டோபரில் நெருக்கடி முற்றியது. 23ஆம் நாள் வில்லியம் ஸ்பியருக்கு எழுதிய கடிதத்தில், தாம் கூற வேண்டியதைப் பலமுறை கூறியாயிற்று, அச்சிலும் உள்ளது, அதனைப் படிக்காதோர் மீண்டும் கூறினாலும் படிக்கமாட்டார் என்று எழுதி, விவிலியத்தில் செல்வனும் இலாசரும் பற்றிய கதையின் இறுதியைத் துணைக்கழைத்தார். லூயிவில் ஜர்னல் ஆசிரியர் ஜார்ஜ் பிரென்டிஸ் மென்மையான அறிக்கை ஒன்று தருமாறு வேண்டினார். 29ஆம் நாள் அதற்கு எழுதிய விடையிலும் இதே காரணம் வருகிறது. ஒரு மாதம் உழைத்தாலும் ஏற்கெனவே அச்சிலுள்ளவற்றைவிடத் தெளிவாக எழுத இயலாது என்பதோடு, தீய நோக்கினர் அதனைக் கோழைத்தனம் எனத் திரிப்பர் என்பதும் சேர்கிறது. அக்கடிதத்தை லிங்கன் எழுதிய அன்றே அனுப்பவில்லை. சிறிது காலம் நிறுத்திவைத்து, தம் கருத்து இன்னும் அதுவே என மேற்குறிப்பெழுதிக் கையொப்பமிட்டு, மறைவானது எனக் குறித்தார். மறுப்பைக்கூட வெளியிட முடியாத நிலை அது.

நவம்பர் 6 அன்று லிங்கன் வென்றார். 16ஆம் நாள் மிசௌரி ரிபப்ளிகன் ஆசிரியர் நதானியேல் பாஸ்கலுக்கு எழுதிய கடிதத்தில் பணிவுக்குள் ஒரு கூர்மை தென்படுகிறது. புதிதாகக் கூற ஒன்றுமில்லை என்பதோடு, இதுவரை தம் சொற்களைத் திரித்து வந்த இதழ்கள் இனியேனும் அவற்றை முழுமையாக வெளியிட்டால் தவறான புரிதலுக்கு இடமிராது என்று எழுதினார். மறுப்பின் காரணத்தைக் கேட்டவரின் தொழிலின்மேலேயே திருப்பிவிட்ட கடிதம் இது.

இதன்பின் ஒருமுறை லிங்கன் தம் விரதத்தைச் சற்றுத் தளர்த்தினார். நவம்பர் 20 அன்று செனட்டர் லைமன் டிரம்புல் ஆற்றிய உரையில் சேர்ப்பதற்காகத் தாமே ஒரு பகுதி எழுதிக்கொடுத்தார். விளைவு அவர் அஞ்சியவாறே ஆயிற்று. நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் ஹென்றி ரேமண்டுக்கு நவம்பர் 28 அன்று எழுதிய கடிதத்தில் அதனை எடுத்துக்காட்டுகிறார். எதிர்த்த இதழ்களுள் ஒன்றேனும் அவ்வுரையை மக்களின் அச்சம் தணிக்கப் பயன்படுத்தியதா என வினவுகிறார். ஒன்று அவர் கொள்கையைக் கைவிடுகிறார் என்றது. மற்றொன்று அதே உரையைத் தெற்கின்மேல் தொடுத்த போரறிவிப்பு என்றது. திசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து விலகியது. அவருடைய மௌனம் பிரிவினைக்கு இடங்கொடுத்தது என்று குறைகூறும் வரலாற்றாசிரியர் உளர். பேசியிருந்தாலும் பயன் விளைந்திராது என்போரும் உளர். ரேமண்டுக்கு எழுதிய கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாம் கருத்தே வலுவுடையதாகப் படுகிறது. எனினும் முதற்கருத்தை முற்றிலும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. நாடு பிளக்கும் தறுவாயில் ‘எல்லாம் அச்சில் உள்ளது’ என்பது போதிய விடைதானா என்னும் வினா எஞ்சவே செய்கிறது.

இக்கடிதங்கள் அனைத்திலும் மீண்டும் மீண்டும் வரும் ஒரே காரணம் நோக்கத்தக்கது. என்னைக் கேளாதீர், என் எழுத்தைக் கேளுங்கள் என்பதே அது. மறுப்பவர் கதவைச் சாத்தும்போதே நூலகத்தின் வழியைக் காட்டுகிறார். நம் பல்கலைக்கழகங்களில் வாழும் எழுத்தாளர்களையும் தலைவர்களையும் பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரு நேர்காணலைப் பின்னிணைப்பாகக் கொண்டுள்ளன. அந்நேர்காணல் கிடைக்காவிடில் ஆய்வு குறையுடையது என மாணவர் கலங்குகின்றனர். நெறியாளரும் அவ்வாறே கருதுகின்றனர். கிடைத்த நேர்காணலில் ஆசிரியர் தம் நாவல் குறித்துக் கூறியதே அந்நாவலின் பொருளாக ஏட்டில் எழுதப்படுவதையும் காண்கிறோம். மறுத்த ஆசிரியர் அம்மாணவருக்கு ஓர் உதவியே செய்துள்ளார். அவரது மறுப்புக் கடிதத்தையே பின்னிணைப்பில் சேர்ப்பதில் தவறொன்றும் இல்லை. எந்த ஆண்டில், யாருக்கு, எக்காரணம் காட்டி மறுத்தார் என்பது நேர்காணலின் பத்துப் பக்கங்களைவிட மிகுதியாகப் பேசக்கூடும்.

அணுக்கம் பெற்றோரின் நூல்கள் தலைவர்க்கு எப்போதும் நன்மையே செய்தன என்பதற்கும் இல்லை. 1968இல் இளம் இதழாளர் ஜோ மெக்கின்னிஸ் முதலில் ஹம்ப்ரியின் விளம்பர அணியினரை அணுகினார். அங்கு அனுமதி கிடைக்கவில்லை. நிக்சன் அணியினர் அனுமதித்தனர். நிக்சனைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற சரக்காக உருவாக்கியதை உள்ளிருந்து எழுதிய நூல் 1969இல் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மறுத்தவர் தேர்தலில் தோற்றார். இடங்கொடுத்தவர் வென்று நூலுக்குப் பொருளானார்.

செயலர் எழுதும் மறுப்பு

மறுப்பில் கையொப்பம் யாருடையது என்பதும் ஆய்வுக்குரியது. லிங்கன் இதழாசிரியர்க்குத் தாமே எழுதினார். பொதுமக்களுக்கு நிகோலே எழுதினார். காந்தியிடமும் இவ்வேறுபாடு உண்டு. அவரது கையொப்பத்துக்கே அரிஜன நிதிக்காக ஐந்து ரூபாய் விலை வைத்திருந்தார். தமிழில் ‘மோ.க. காந்தி’ எனக் கையொப்பமிடவும் பழகியிருந்தார். 1927இல் இரங்காச்சாரியாருக்குச் சென்ற மறுப்பு அவருடையது. 1938இல் இந்தியத் திரைப்பட வெள்ளிவிழாவையொட்டி வாழ்த்துச் செய்தி வேண்டப்பட்டபோது விடையளித்தவர் செயலர். ஐயத்துக்கு இடமற்ற நற்பணிகளுக்கே, அதுவும் அரிதாகவே காந்தி செய்தி தருவார், திரைத்தொழிலில் அவருக்கு ஆர்வமில்லை, பாராட்டுரை எதிர்பார்க்க வேண்டா என்பது அம்மடல். பதினொரு ஆண்டுகளில் வாதம் விதியாகிவிட்டது. முதற்கடிதத்தில் தம் தகுதியின்மையைக் கூறும் பணிவு இருந்தது. இரண்டாவதில் அது இல்லை. செயலர் எழுதும் மறுப்பில் தலைவரின் தயக்கம் இடம்பெறுவதில்லை என்பதை இரு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்தால் உணரலாம்.

இதற்கு எதிர்வினையாற்றியவரும் ஓர் இதழாளரே. சினிமாவைச் சூதாட்டம், குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு காந்தி சேர்த்துப் பேசியதைக் கண்டு வருந்திய கே.ஏ. அப்பாஸ், 1939 அக்டோபரில் ‘பிலிம்இந்தியா’ இதழில் காந்திக்குத் திறந்த மடல் எழுதினார். தந்தையிடம் மகன் முறையிடும் தொனியில் அமைந்த அம்மடல், நல்ல படங்கள் இவையிவை எனப் பட்டியலிட்டு, இந்த விளையாட்டுப் பொருளை எங்களிடமிருந்து பறிக்காதீர் என்னும் கருத்தில் வேண்டியது. மூடிய கடிதத்துக்குத் திறந்த மடலால் விடை கூறும் இம்முறை, வாயிலில் நின்று பாடிய ஔவையின் முறையே ஆகும்.

மறுப்புக் கடிதமே எழுதப்படாத தேர்தலும் உண்டு. 1984 இறுதியில் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். இதழாளர் எவரும் அவரை அணுக இயலவில்லை. அதற்கு மாற்றாக, அவர் மருத்துவமனையில் இருக்கும் காட்சிகள் ஒளிநாடாவில் பதிவாகித் தமிழ்நாடெங்கும் காட்டப்பட்டன. ஆண்டிபட்டியில் வாக்குக் கேட்டு வராமலே அவர் வென்றார். கையொப்பம் பற்றிய கேள்வி பின்னர் வேறொரு வடிவில் வந்தது. 2016இல் மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் பெருவிரல் ரேகை பதித்த வேட்பாளர் படிவம் வழக்குக்கு உள்ளாகி, திருப்பரங்குன்றத் தேர்தல் செல்லாது என 2019 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏ.கே. செட்டியார் சென்ற வழி

மறுப்பு காட்டும் வழியில் இறுதிவரை சென்ற தமிழ் இதழாளர் ஒருவர் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்து, இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்து, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. எடுக்க நினைத்த படமோ திரைப்படத்தின் தீமை கண்கூடு என்று பத்தாண்டுகளுக்கு முன் எழுதியவரைப் பற்றியது. படத்துக்குரிய பொருள் படத்தையே ஏற்காத நிலை.

செட்டியார் காந்தியின் முன் ஒளிப்படக்கருவியை நிறுத்துவதைத் தம் திட்டத்தின் அடித்தளமாகக் கொள்ளவில்லை. ஏற்கெனவே உலகின் பல மூலைகளில் பலர் எடுத்துப் போட்ட துண்டுப் படங்களைத் தேடிப் புறப்பட்டார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் எடுத்த ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளை, ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்து திரட்டினார். 1912இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றபோது எடுக்கப்பட்ட படமும் அவற்றுள் அடங்கும். திரட்டியவற்றிலிருந்து 12,000 அடிப் படம் உருவாயிற்று. தமிழ் விளக்கவுரையோடு 1940 ஆகஸ்டு 23 அன்று சென்னையில் வெளியிடப்பட்டது. டி.கே. பட்டம்மாளின் பாட்டும் இடம்பெற்றது. போர்க்காலக் கெடுபிடியால் படச்சுருள்களை மறைத்துவைக்க நேர்ந்தது.

லிங்கன் இதழாசிரியர்களுக்குச் சுட்டிய வழி இதுவே. ஆனால் பிரென்டிசும் பாஸ்கலும் அவ்வழியே சென்றதாகத் தெரியவில்லை. தமிழ் இதழாளர் ஒருவர் படச்சுருளை வைத்து அதனைச் செய்துகாட்டினார். செட்டியாரின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. பயண நூல்களிலும் தன்னை முன்னிறுத்தாமல் எழுதியவர் அவர். தலைவருக்குப் பக்கத்தில் தாம் நிற்கும் படம் வேண்டும் என்னும் ஆசை அவரிடம் இல்லை. பழைய பயணக் குறிப்புகளைத் திரட்டி 1968இல் ‘தமிழ்நாடு’ என்னும் பெருந்தொகுப்பை வெளியிட்டபோதும் இதே முறையைத்தான் கையாண்டார். அணுக்கம் இன்மையை ஒரு குறையாக எண்ணாதவரால்தான் இத்தகைய தொகுப்புகள் இயலும்.

படம் எடுத்த அனுபவத்தை அவர் தாம் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் எழுதினார். அக்கட்டுரைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ எனும் நூலாக 2003இல் வெளியிட்டார். 1953இல் அமெரிக்காவில் ஆங்கில விளக்கவுரையோடு சுருக்கப்பட்டு வெளிவந்த வடிவத்தின் படியொன்று, 2000-களின் நடுவில் சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பது தெரியவந்தது. பட்டம்மாள் பாடிய தமிழ் வடிவத்தைத் தேடுவோர் இன்றும் உளர்.